ரீட்டா மிஸ் வீட்டு சம்ப்

இதைக் கேட்டுவிட்டு நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். வேறு யாராவது வந்து என்னிடம் சொல்லியிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். வெயில், பசி, தூக்கம் போதாதது. நான் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு படித்தவள். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அழுக்குத் தண்ணீரை நல்ல தண்ணீராக்கும் பிரிவில் வேலை. வீட்டில் யாராவது ஆவி, அமானுஷ்யம் என்று ஆரம்பித்தால் டீ போடுகிற சாக்கில் எழுந்து போய்விடுகிற ஆள் நான். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நள்ளிரவில் நடக்கவில்லை, சுடுகாட்டில் நடக்கவில்லை. பீர்க்கன்கரணை ஏரிக்குப் பின்னால் இருக்கிற ஒரு சாதாரணத் தெருவில், மதிய வெயிலில், அக்கம்பக்கத்தில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தபோது நடந்தது.

அந்த வருஷ மழையில் ஏரி நிரம்பி, போக வழியில்லாமல் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்தது. எங்கள் சிட்லபாக்கத்திலும் முழங்கால் வரை வந்தது, ஆனால் அந்தத் தெருவில் ஆள் உயரம். தண்ணீர் வடிந்த பிறகு அங்கே போனவர்களுக்குத் தெரியும், வெள்ளத்தைவிட அதற்குப் பிறகு வருகிற நாட்கள்தான் மனிதர்களைச் சாய்த்துவிடும். மதில்மேல் மெத்தைகளைக் காயப் போட்டிருந்தார்கள், எத்தனை வெயில் அடித்தாலும் காயவில்லை. ஃப்ரிட்ஜ்கள் கதவைத் திறந்தபடி தெருவில் மல்லாந்து கிடந்தன. ஒரு வீட்டில் கல்யாண ஆல்பத்துப் படங்களைத் துணிக்கொடியில் கிளிப் போட்டு மாட்டியிருந்தார்கள், மணமகன் முகம் இருக்கிறது, பக்கத்தில் நின்ற பெண்ணின் முகம் கரைந்துபோயிருக்கிறது. சாப்பாடு, பாய், துணி கொடுக்க நிறைய பேர் வந்தார்கள். நல்ல தண்ணீர்தான் இல்லை. லாரியில் தண்ணீர் வந்தாலும் ஊற்றி வைக்க இடமில்லை, ஏனென்றால் ஒவ்வொரு வீட்டிலும் தரைக்கடியில் இருந்த சம்ப் தொட்டி முழுக்கச் சாக்கடை.

எனக்குத் தெரிந்த வேலை அதுதான் என்பதால் எங்கள் சர்ச் இளைஞர் குழுவில் சொல்லி, சம்ப் கழுவ ஒரு குழு சேர்த்தேன். சின்ன வேலை மாதிரி தெரியும், ஆனால் மூடிக்கிடந்த தொட்டிக்குள் சட்டென்று இறங்கினால் மூச்சடைத்துச் செத்துப்போவார்கள், வருஷா வருஷம் நடக்கிறது. அதனால் நான் விதிகளை வைத்திருந்தேன், இறங்குகிற எல்லோரும் அதை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். முந்தின நாளே மூடியைத் திறந்து வை. ஃபேன் வைத்துக் காற்றை உள்ளே அடி. வாயு மீட்டரை இறக்கிக் காற்றைப் பார். இடுப்பில் கயிறு கட்டு. எல்லாவற்றையும்விட முக்கியமானது கடைசி விதி: கீழே ஒருத்தர் இருந்தால் மேலே ஒருத்தர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், கீழே இருப்பவர் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பதில் வராவிட்டால் காரணம் யோசிக்கக் கூடாது, கயிற்றை இழுத்துவிட வேண்டும்.

எனக்கு ஜோடியாக வந்தவள் நிவேதா. தாம்பரத்தில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள், என்னைவிட இரண்டு வயது சின்னவள், ஒல்லி, எந்தச் சம்ப்பின் வாய்க்குள்ளும் நுழைந்துவிடுவாள். நான் "நிவேதா" என்பேன், அவள் "இருக்கேன்க்கா" என்பாள். நாள் முழுக்க இதே பாட்டு. தெருவில் ஆட்டோ ஓட்டுகிற செல்வம் அண்ணா ஒருநாள் மாடியிலிருந்து எட்டிப்பார்த்துக் கத்தினார்.

"இன்னாம்மா இன்ஜினியரு, காலைலேர்ந்து நிவேதா நிவேதான்னு உயிரை வாங்கிகினு கீற. எங்க வூட்டாண்ட கிளி வச்சினு கீறோம், அது கூட இப்ப நிவேதான்னுது!"

கீழேயிருந்து நிவேதா, "கிளிக்கு என் சம்பளத்துல பங்கு தரேண்ணா, அதையே கூப்பிடச் சொல்லுங்க" என்றாள். அவளுக்கு அங்கே சம்பளமே கிடையாது. தெருவே சிரித்தது. அந்தத் தெருவில் அப்போது சிரிப்புச் சத்தம் கேட்பது பெரிய விஷயம்.

செல்வம் அண்ணா வீட்டுக்கு நேர் எதிர் வீடுதான் ரீட்டா மிஸ்ஸுடையது. பக்கத்துப் பள்ளியில் கணக்கு டீச்சர், தெருவில் பாதிப் பேருக்கு அவர்தான் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், அதனால் எல்லோருக்கும் மிஸ். அவருடைய கணவர் தேவசகாயம் சார், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், வெள்ளத்தன்று இறந்துபோனார். அந்தத் தெருவில் போன ஒரே உயிர். எப்படி என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. மிஸ்ஸே சொன்னார், நாங்கள் அவர் வீட்டுச் சம்ப்பைத் திறக்கப் போன அன்று, அப்போது அவர் தங்கியிருந்த எதிர்வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி, வகுப்பில் சொல்வது போல நிதானமாக.

"நான்தான்மா அனுப்பினேன். தண்ணி ஏறுது, சம்ப் மூடி சரியா இருக்கான்னு பாருங்க, சாக்கடை உள்ள போயிட்டா குடிக்கத் தண்ணி இல்லாமப் போயிடும்னு சொன்னேன். போனார். அது ஃபைபர் மூடி, மிதந்து போயிடுச்சு போல. இடுப்பளவு தண்ணியில கீழ வாய் திறந்து கிடக்குறது யாருக்குத் தெரியும்."

அதோடு நிறுத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வந்திருக்கும். அவர் நிறுத்தவில்லை.

"நான் உள்ளே அரிசி மூட்டையைக் கட்டில்மேல தூக்கி வெச்சுக்கிட்டிருந்தேன். ஜன்னல் வழியா என்னங்கன்னு கூப்பிட்டேன். வரேன், வரேன்னார். அவர் எப்பவும் ரெண்டு தடவைதான் சொல்வார். மறுபடி கூப்பிட்டேன், வரேன், வரேன்னார். மூணாவது தடவையும் பதில் வந்துச்சு. பதில் வந்ததாலதான் நான் வெளிய போகல. ஆனா செல்வம் மாடியிலேர்ந்து பார்த்திருக்கான். அவர் போன உடனே உள்ள போயிட்டாராம், தலை மேல வரவே இல்லையாம். இவன் கத்தினது மழைச் சத்தத்துல எனக்குக் கேட்கல. அப்போ எனக்கு யாரு பதில் சொன்னாங்க?"

செல்வம் அண்ணா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவருக்குப் பொய் சொல்லத் தோன்றியிருக்கும், ஆனால் உண்மையைப் போலீசிலேயே சொல்லிவிட்டார். மிஸ்ஸின் மகன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறார், அவர் போனில், அம்மா அது உங்க மனசு பண்ண வேலை என்று சொன்னாராம். பாஸ்டரும் கிட்டத்தட்ட அதையே நல்ல வார்த்தைகளில் சொன்னார். கல்லறைத் தோட்டத்திலும் தண்ணீர் நின்றதால் அடக்கம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது, அத்தனை நாளும் மிஸ் எல்லோரிடமும் கேட்டது அந்த ஒரு கேள்வியைத்தான். யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. அவர்தான் தன்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். வெளியே போகப் பயந்துகொண்டு உள்ளேயே இருந்துவிட்டு, பிறகு பதில் வந்ததாக நானே கதை கட்டிக்கொண்டேனா என்று. தூக்கம் போனதும் சாப்பாடு இறங்காததும் இதனால்தான்.

"சம்ப்பை நல்லாக் கழுவிடுங்கம்மா. அவர் கிடந்த எடம் சாக்கடையா இருக்கக் கூடாது. கழுவினதும் மண்ணைக் கொட்டி மூடிடலாம். அப்புறம் வீட்டை வித்துட்டு நான் பையன்கிட்ட போயிடுறேன்."

சரி மிஸ் என்றேன். மண்ணுக்கு ஒரு லாரிக்காரரிடம் சொல்லியும் வைத்தேன்.

அந்தச் சம்ப் வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவில் இருக்கிற பக்கவாட்டுச் சந்தில் இருந்தது. சந்தின் மறுமுனையில் பின்கதவு, அதன் வழியாகப் பின்தெருவுக்குப் போகலாம். வழக்கமாகச் செய்கிற எல்லாவற்றையும் செய்தோம், அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே செய்தோம். சேற்றை வாளி வாளியாக எடுத்தோம். சுவரைத் தேய்த்தோம். நிவேதா இறங்குவதற்கு முன் கண்ணை மூடி ஜெபம் செய்தாள், நான் மீட்டரைப் பார்த்தேன். காற்று நன்றாக இருந்தது. அதைப் பிறகு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன், காற்று நன்றாகத்தான் இருந்தது.

கடைசி அலசல் நடந்துகொண்டிருந்தது. கணுக்கால் அளவுதான் தண்ணீர், ஏணி உள்ளேயே நிற்கிறது. அந்த நேரத்தில் மட்டும் நான் வாயருகே நிற்காமல் முன்பக்கம் கேட்டருகில் பம்பைக் கவனிப்பது வழக்கம், சந்துக்குள் குரல் கொடுத்தால் போதும். தண்ணீர் இழுத்து முடிந்ததும் பம்பை அணைத்தேன். சட்டென்று தெரு அமைதியானது.

"நிவேதா."

"இருக்கேன்க்கா."

ஹோஸைச் சுருட்ட ஆரம்பித்தேன். பாதி சுருட்டியதும் மறுபடி கூப்பிட்டேன்.

"இருக்கேன்க்கா."

"முடிஞ்சுதா, மேல வரியா?"

"வரேன், வரேன்."

அவளுடைய குரல்தான். எனக்கு அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. கொஞ்சம் மூக்கடைத்த, எப்போதும் சிரிக்கத் தயாராக இருக்கிற அந்தக் குரல். ஆனால் நிவேதா அப்படி இரண்டு தடவை சொல்கிறவள் இல்லை. அது என் காதில் தட்டியது, தட்டியும் நான் ஹோஸைச் சுருட்டிக்கொண்டேயிருந்தேன். பதில் வந்துவிட்டதே.

அப்போது எனக்குப் பின்னால் கேட் திறந்தது. முகமெல்லாம் ஈரமாக, துப்பட்டாவால் துடைத்தபடி, தெருப்பக்கமிருந்து நிவேதா உள்ளே வந்தாள்.

"யார்கூடக்கா பேசிட்டிருக்கீங்க?"

நான் அவளைப் பார்த்தேன். நாங்கள் இருவரும் அப்படி நின்றபோது, யாரும் கூப்பிடாமலே, சந்துக்குள்ளிருந்து இன்னொரு முறை கேட்டது.

"வரேன், வரேன்."

நம்பினால் நம்புங்கள், அவளுக்கும் கேட்டது. தன்னுடைய குரலைத் தானே கேட்ட முகம் எப்படி இருக்கும் என்று நான் அன்றைக்குப் பார்த்தேன். அவள் போட்ட கத்தலில் எதிர்வீட்டு மாடியில் ஆட்கள் எழுந்து நின்றார்கள்.

நான் சந்துக்குள் போனேன். தைரியம் என்று சொல்ல மாட்டேன். பதில் சந்தேகமாக இருந்தால் போய்ப் பார் என்று கால்களுக்குப் பழகியிருந்தது, அவ்வளவுதான். டார்ச் அடித்தேன். கழுவிய சிமென்ட் சுவர், ஏணி, அதில் சாய்த்து வைத்த பிரஷ், அவிழ்த்துச் சுற்றி வைத்த கயிறு. அடியில் ஒரு விரற்கடை தண்ணீர், அது லேசாக அசைந்துகொண்டிருந்தது. பம்பை நிறுத்திச் சில நிமிஷங்கள்தான் ஆகியிருந்தன, அதனால் அசைந்திருக்கலாம். அங்கேயே நின்று மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். எதிரொலி என்றால் நான் கூப்பிட்ட பெயர்தானே திரும்ப வரவேண்டும்? பக்கத்து வீட்டுப் பேச்சு என்றால் அந்தப் பக்கம் வீடு பூட்டிக்கிடக்கிறது. செல்வம் அண்ணாவின் கிளியைக்கூட யோசித்தேன், சிரிக்காதீர்கள், அது கூண்டோடு எதிர்வீட்டு மாடியில் இருந்தது. விஷக்காற்று என்றால் நான் திறந்த வெளியில் நின்றிருந்தேன். வரிசை அங்கே முடிந்துவிட்டது.

வெளியே வருவதற்குள் நிவேதா எல்லாவற்றையும் கொட்டிவிட்டிருந்தாள். ரீட்டா மிஸ் தெருவைக் கடந்து வெறுங்காலோடு ஓடி வந்தார். அந்த அம்மா ஓடி நான் அதற்கு முன்போ பின்போ பார்த்ததில்லை.

"பதில் வந்துச்சா?" என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். "நீ படிச்ச பொண்ணு, நீ சொல்லு. ஆள் இல்லாதப்போ பதில் வந்துச்சா?"

"மிஸ், கொஞ்சம் உட்காருங்க."

"வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு மிஸ்."

"என்ன சொல்லுச்சு?"

சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு சொன்னேன். "வரேன், வரேன்னு."

அவர் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். அடக்கத்தின்போதுகூட அழவில்லை என்று செல்வம் அண்ணாவின் மனைவி சொல்லியிருந்தார். அன்றைக்கு அழுதார். வெகுநேரம், வாய்விட்டு, நடுநடுவே ஒரே வார்த்தையைச் சொல்லிச் சொல்லி அழுதார்: "அப்போ நான் பொய் சொல்லல. நான் பொய் சொல்லல." தெருப் பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். செல்வம் அண்ணா மதிலைப் பார்த்துத் திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். எழுந்தபோது மிஸ் சொன்ன முதல் வார்த்தை, "மண்ணு வேணாம்மா."

இதோடு முடிந்திருந்தால் இதை ஒரு நல்ல கதையாக, ஜெபக் கூட்டத்தில் சாட்சியாகக்கூடச் சொல்லியிருப்பேன். வண்டியில் திரும்பும்போது பெருங்களத்தூர் சிக்னலில் நின்றோம். எப்போது வெளியே போனாய், சொல்லாமல் ஏன் போனாய் என்று நிவேதாவைக் கேட்டேன். கோபமில்லை, விதியை நினைவுபடுத்துகிற குரலில்தான் கேட்டேன்.

"சொல்லிட்டுத்தானேக்கா போனேன். பிளீச்சிங் பவுடர் பட்டுக் கண்ணு எரியுது, பின்னாடி தெருவுல போய் மூஞ்சி கழுவிட்டு வரேன்னு கத்தினேன். நீங்கதான் சரி, போயிட்டு வான்னு சொன்னீங்க."

நான் அப்படிச் சொல்லவில்லை. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது, அவள் கத்தியது எனக்குக் கேட்கவே இல்லை.

சிக்னல் விழுந்தது. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். நான் வண்டியை எடுத்தேன். நிவேதா என் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டாள், வீடு வரும்வரை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் எந்தச் சம்ப்பிலும் இறங்கவில்லை, நானும் கூப்பிடவில்லை. மீதி வீடுகளை நான் வேறு ஆட்களோடு முடித்தேன். கீழே இருப்பவர் பதில் சொன்னால் மட்டும் போதாது, கயிற்றை இரண்டு முறை இழுக்கவும் வேண்டும் என்று விதியை மாற்றினேன். தொழிற்சாலையிலும் அப்படித்தான் மாற்றியிருக்கிறேன். ஏன் என்று கேட்கிறவர்களிடம் பாதுகாப்புக்கு என்று சொல்கிறேன்.

ரீட்டா மிஸ் கோயம்புத்தூர் போகவில்லை. வீட்டுக்கே திரும்பி வந்து, பெயின்ட் அடித்து, மறுபடி பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். சாப்பிடுகிறார், தூங்குகிறார், மிஸ் தேறிட்டாங்க என்று தெருவில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு மட்டும் ஒரு முள் இருந்துகொண்டேயிருந்தது. அன்றைக்கு வந்த பதில் யாருடைய குரலில் வந்தது என்று மிஸ் கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. அவர் அதைத் தன் கணவர் என்று நினைத்துத்தான் தேறியிருக்கிறார். அது நிவேதா மாதிரிப் பேசியது, நிவேதாவிடம் என்னை மாதிரிப் பேசியது என்று தெரிந்தால் என்ன ஆவார்?

மறு கோடையில் ஒரு சாயங்காலம், சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். காபி கொடுத்தார். மகன் தினமும் போன் செய்வதைச் சொன்னார். பிறகு மோட்டார் போடும் நேரம், தண்ணீர் எவ்வளவு இருக்கிறது பார்க்கலாம் வா என்று சந்துக்குக் கூட்டிப்போனார். புது இரும்பு மூடி போட்டிருந்தார். திறந்தார். தண்ணீரின் அளவை அவர் பார்க்கவே இல்லை. முட்டி போட்டு உட்கார்ந்து, விளிம்பில் கை வைத்து, தூங்குகிற ஆளை எழுப்புவது போல மெதுவாகக் கூப்பிட்டார்.

"என்னங்க."

நாங்கள் காத்திருந்தோம். தண்ணீர் கறுப்பாக, அசையாமல் கிடந்தது.

"இன்னிக்கு இல்ல" என்றார். தபால் வந்ததா என்று பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் போல, அவ்வளவு இயல்பாக.

"மிஸ், நான் ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு அது சார் குரல்ல பேசல…"

"தெரியும்மா." மூடியை இழுத்து மூடி, அது சரியாக உட்கார்ந்ததா என்று கையால் அழுத்திப் பார்த்தார். "செல்வம் பொண்டாட்டி குரல்ல வந்திருக்கு. டியூஷன் பிள்ளைங்க குரல்ல வந்திருக்கு. அவர் குரல்ல அந்த வெள்ளத்தன்னிக்கோட சரி, அப்புறம் வரல. ஒரு நாள் வரும்ல? அதுக்காகத்தான் கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன்."

அவர் எழுந்து, புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, என் கன்னத்தை லேசாகத் தொட்டார்.

"நேத்து உன் குரல்லதான் வந்துச்சு. ரொம்ப நேரம் பேசிச்சு."

உள்ளே பால் பொங்குகிற சத்தம் கேட்டு அவர் போய்விட்டார். என் குரலில் அது என்ன பேசியது என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.